ஐந்து பேர் வேண்டும்

(பாபநாசத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாபநாசத்துக்கு ஒருவர் சங்கீதம் பேச வந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஊர்ப் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட பாபநாசம் சிவன் இருக்கிறார். நெல்லைப் பற்றிப் பேச வந்தாலும் கேட்பதில்லை. திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் நிற்கிறது; மூவாயிரம் கலம் கொள்ளும் என்பார்கள். ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றிச் சொற்பொழிவு என்று நோட்டீஸ் ஒட்டினால் டீக்கடையில் ஒரு சிரிப்பு எழும். "அதுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?"

சம்பந்தத்தைக் குடமுருட்டியில் பார்க்கலாம். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்த அன்றே மதகின் மேல் பையன்கள் ஏறிவிடுவார்கள். வெறுமனே குதிப்பவனுக்கு அங்கே மரியாதை இல்லை. நாலு எட்டு ஓடிவந்து, காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, கால் முதலில் படும்படி தண்ணீரில் இறங்குகிறானே, அவன்தான் தலைவன். மாசியில் சம்பா அறுவடை முடிந்தால் அதே கூட்டம் வைக்கோல் போர் மேல் பல்டி அடிக்கும். அறுவடை மெஷின் வந்த பிறகு போர்கள் குறைந்துவிட்டன. வைக்கோல் வயலிலேயே உருளையாகச் சுருண்டு லாரி ஏறிவிடுகிறது. பல்டிக்கு இருந்த ஒரே மெத்தையும் அதோடு போயிற்று.

வெளிநாட்டுப் பயிற்சிக்கூடங்களில் இதே வைக்கோல் போரைத்தான் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள். தரையில் பெரிய குழி வெட்டி, அது நிறையப் பஞ்சு போன்ற நுரைத்துண்டுகளைக் கொட்டியிருப்பார்கள். புதிய கரணத்தைப் பழகும் பையன் நூறு முறை தவறி விழுவது அதில்தான். "கரணம் தப்பினால் மரணம்" என்ற நம் பழமொழிக்கு அவர்கள் கண்டுபிடித்த பதில் அந்தக் குழி. பழமொழியை நாம் வைத்துக்கொண்டோம், குழியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

இந்திய ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் ஒலிம்பிக் வரலாறு ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும். 1952 ஹெல்சிங்கியில் இரண்டு பேர். 1956 மெல்போர்னில் மூன்று பேர். 1964 டோக்கியோவில் ஆறு பேர். அத்தோடு சரி. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் இந்திய ஆண்கூட ஒலிம்பிக்கின் அந்தப் பாயில் கால் வைக்கவில்லை. அந்தக் காலத்தில் இன்றைக்கு இருப்பதைப்போல் கடுமையான தகுதிச்சுற்று கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர் கொடுத்தவர்கள் போனார்கள். போனவர்கள் பின்வரிசையில்தான் முடித்தார்கள். ஆனாலும் அந்த விளையாட்டுக்கு அன்று ஒரு மதிப்பு இருந்தது. 1961இல் அர்ஜுனா விருது தொடங்கிய முதல் ஆண்டிலேயே ஷாம் லால் என்ற ஜிம்னாஸ்ட் பட்டியலில் இருந்தார்.

பிறகு நெடுங்காலம் ஒன்றுமில்லை.

2010 அக்டோபர். டில்லி காமன்வெல்த் விளையாட்டு. ஊழல், ஒழுகும் கூரை, இடிந்து விழுந்த நடைபாலம் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த நேரம். இந்திரா காந்தி உள்ளரங்கில் அலகாபாத்காரரான ஆஷிஷ் குமார் தரைப்பயிற்சியில் வெண்கலம் வாங்கினார். காமன்வெல்த் விளையாட்டில் ஜிம்னாஸ்டிக்ஸுக்காக இந்தியாவுக்கு வந்த முதல் பதக்கம் அதுதான். அடுத்து வால்ட்டில் வெள்ளி. ஒரு மாதம் கழித்து குவாங்சோ ஆசிய விளையாட்டில் சீனரும் கொரியரும் தங்கத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்ள, அவர்களுக்கு அடுத்தபடியாகத் தரைப்பயிற்சியில் மீண்டும் வெண்கலம். ஆசிய விளையாட்டிலும் இந்தியாவின் முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் பதக்கம் அதுவே. அவரைத் தயார் செய்தவர் விளாதிமிர் செர்த்கோவ் என்ற வெளிநாட்டுப் பயிற்சியாளர்.

வால்ட் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இருபத்தைந்து மீட்டர் ஓட்டம். அதன் முடிவில் வில் வைத்த பலகை. அதற்கு அப்பால் 135 சென்டிமீட்டர் உயரத்தில், மாட்டின் நாக்கைப்போல் முன்பக்கம் சரிந்த ஒரு மேடை. ஓடி வருபவர் பலகையை மிதிக்கிறார், மேடையில் இரண்டு உள்ளங்கைகளையும் அறைகிறார், காற்றில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி மெத்தையில் இறங்குகிறார். கை மேடையைத் தொட்டதிலிருந்து கால் மெத்தையைத் தொடுவது வரை ஒரு நொடிதான் இருக்கும். இறங்கும்போது ஒரு கால் அரை அடி நகர்ந்தாலும் மதிப்பெண் குறையும். உடல் எடையைப்போல் பல மடங்கு அழுத்தம் முழங்காலிலும் கணுக்காலிலும் விழுகிறது. பயிற்சி நாளில் இதை ஒருமுறை செய்தால் போதாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முப்பது வயதில் முழங்கால் பேசத் தொடங்குவது ஏன் என்று இப்போது புரியும்.

இத்தனை பெரிய கதவு 2010இல் திறந்தது. திறந்த கதவுக்குள் ஒரு தலைமுறை நுழைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்துக்குள் கோஷ்டிப் பூசல் முற்றியது. அரசின் அங்கீகாரம் பல ஆண்டுகள் இல்லாமல் போயிற்று. முகாம்களை இந்திய விளையாட்டு ஆணையமே நடத்த வேண்டியதாயிற்று. செர்த்கோவும் தொடரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்த வருஷம் பார்த்து வரப்புத் தகராறில் இறங்கிய பங்காளிகளை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்காது.

இடையில் பெண்கள் பக்கம் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அகர்தலாவில் பிஷ்வேஷ்வர் நந்தி என்ற பயிற்சியாளர், பழைய ஸ்கூட்டரின் உதிரி பாகங்களைக் கொண்டு குதிக்கும் பலகை செய்து பழக்கிய பெண்ணாகிய தீபா கர்மாகர், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெண்கலமும் 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் பெற்றார். ரியோவில் வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்த தூரம் 0.150 புள்ளி. ஊரே அவர் பேரைச் சொன்னது. ஆண்கள் அணியை அந்த ஆரவாரத்தில் யாரும் விசாரிக்கவில்லை.

2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்துக்குப் போன ஆண்கள் யார் என்று பாருங்கள். ஆஷிஷ் குமார், ராகேஷ் பத்ரா, யோகேஷ்வர் சிங். அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அணியிலும் அந்த மூன்று பெயர்களும் இருந்தன. எட்டு வருஷத்துக்கு முன் பதக்கம் வாங்கியவரே இன்னும் அணியைத் தாங்கிக்கொண்டிருந்தார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் யோகேஷ்வரோடு சத்யஜித் மண்டல், சைஃப் தம்போலி என்று மூன்று பேர். யோகேஷ்வர் ஆறு கருவிகளையும் சேர்த்த ஆல்ரவுண்ட் இறுதிக்குத் தகுதி பெற்றார். அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு இந்தியா அனுப்பிய ஒரே ஜிம்னாஸ்ட் பிரணதி நாயக் என்ற பெண்.

ஆண்கள் அணியைத் திரும்பக் கட்ட வேண்டும் என்ற பேச்சு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பேச்சு எழும்போதெல்லாம் பழைய பெயர்களே வருகின்றன. அவர் இன்னொரு வருஷம் ஆடுவாரா? முழங்கால் ஆபரேஷன் முடிந்தவர் திரும்புவாரா? ரயில்வேயிலும் ராணுவத்திலும் வேலையில் இருப்பவர்களுக்கு லீவு கிடைக்குமா? இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. கிழவர்களை நம்பி அணியா என்பார்கள். முகம் சுளிக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஜிம்னாஸ்டிக்ஸில் ஆறு வயதில் இறங்கினால்தான் உண்டு. உடம்பு வளைவதும், தலைகீழாகத் தொங்கும்போது பயம் வராமல் இருப்பதும் அந்த வயதில் வர வேண்டியவை. ஆண்களுக்கான சீனியர் ஒலிம்பிக் வயது பதினெட்டு. ஆக, 2026இல் ஒரு பையனை முதன்முதலாகப் பாயில் இறக்கினால் அவன் நாட்டுக்காக ஆடத் தகுதி பெறுவது 2038இல். நடுவில் 2028 லாஸ் ஏஞ்சலஸ் இருக்கிறது. 2030 காமன்வெல்த் நம் நாட்டிலேயே, அகமதாபாத்தில். பன்னிரண்டு வருஷத்து இடைவெளியை யாரை வைத்துத் தாண்டுவது? சம்பா விளைகிற வரைக்கும் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறுவை வேண்டாமா? மூத்த ஆட்டக்காரர்கள் அந்தக் குறுவை. குறுவையை மட்டும் நம்பிச் சம்பாவை விதைக்காமல் விட்டவனைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

விதிகளும் இப்போது மூத்தவர்களுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுகின்றன. பாரிஸ் ஒலிம்பிக்கில் அணிக்கு ஐந்து பேர். இறுதிப் போட்டியில் ஒவ்வொரு கருவியிலும் மூன்று பேர் ஆடுவார்கள், மூன்று பேரின் மதிப்பெண்ணும் சேரும். யாரும் ஆறு கருவியிலும் ஆட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2025 முதல் ஆண்களுக்கான ஆட்டத்தில் எண்ணப்படும் உறுப்புகளையும் பத்திலிருந்து எட்டாகக் குறைத்துவிட்டார்கள். இரண்டு உறுப்பு என்பது கேட்க அற்பமாக இருக்கும். வளையத்தில் தொங்கிக்கொண்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிச் சிலுவைபோல் அசையாமல் நிற்பவரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

ஸ்டீபன் நெடோராசிக் என்ற அமெரிக்கரை உங்களில் பலர் போனில் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து, பரீட்சைக்கு வந்த பையனைப்போல் உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். 2024 ஜூலை 29, பாரிஸ். சகாக்கள் ஐந்து கருவிகளில் ஆடி முடிக்கும்வரை அவருக்கு வேலையே இல்லை. கைப்பிடிகள் பொருத்திய குதிரை எனப்படும் பாமெல் ஹார்ஸ் மட்டும்தான் அவருக்குத் தெரியும். கடைசிக் கருவி அது, கடைசி ஆள் அவர். கண்ணாடியைக் கழற்றி வைத்தார், ஏறினார், ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகச் சுழன்று இறங்கினார். அமெரிக்க ஆண்கள் அணிக்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம், வெண்கலம். அதே அணியில் இருந்த பிராடி மலோன், 2023 மார்ச்சில் ஜெர்மனியில் உயரக் கம்பியிலிருந்து இறங்கும்போது முழங்கால் சிதைந்து, அறுவை மேல் அறுவையாகப் பட்டு, ஓராண்டுக்குள் எழுந்து வந்தவர். அந்த நாட்டின் டானல் விட்டன்பர்க் ஒலிம்பிக் அணியில் ஒருமுறைகூட இடம் கிடைக்காதவர். 2025இல் ஜகார்த்தாவில் நடந்த உலகப் போட்டியில், 31 வயதில், வளையத்தில் தங்கம் வாங்கினார்.

வளையம் என்பதைக் கவனிக்க வேண்டும். துள்ளலும் தரையிறக்கமும் இளம் முழங்கால்களுக்கானவை. தோளின் பலமோ ஆண்டுக்கணக்கில் ஊறி வருவது, போகும்போதும் மெதுவாகத்தான் போகும். பல்கேரியாவின் யோர்தான் யோவ்சேவ் 1992 முதல் 2012 வரை ஆறு ஒலிம்பிக்கில் ஆடினார். லண்டனில் வளைய இறுதிப் போட்டியில் நின்றபோது அவருக்கு வயது 39. (உஸ்பெக்கிஸ்தானின் ஒக்சானா சுசோவிடினா இந்தக் கணக்குக்குள் வரமாட்டார். 46 வயதில், எட்டாவது ஒலிம்பிக்கில், அவர் ஆடியது வால்ட். அவரை இயற்கையின் விதிவிலக்காக வைத்துக்கொண்டு மேலே போகலாம்.) ராகேஷ் பத்ரா நம்மிடம் பெயர் பெற்றதும் இதே வளையத்தில்தான். ஐந்து பேரில் ஒருவரை வளையத்துக்கென்றே வைத்துக்கொள்வது பழம்பெருமைக்குச் செய்யும் மரியாதை ஆகாது, கூட்டல் கணக்கு சொல்லும் வழி.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பாரிஸில் ஆண்கள் பிரிவில் தரைப்பயிற்சி, வால்ட் இரண்டிலும் தங்கம் வாங்கிய கார்லோஸ் யூலோ பிலிப்பைன்ஸ்காரர். மணிலாவில் வளர்ந்தவர். ஜிம்னாஸ்டிக்ஸில் பெரிய பாரம்பரியம் ஏதும் இல்லாத நாடு, நம்மைப்போலவே வேர்வை ஒழுகும் சீதோஷ்ணம். அங்கே மூத்தவர்கள் திரும்பி வந்து அவரைத் தூக்கிவிடவில்லை. ஜப்பானியப் பயிற்சியாளர் ஒருவர் சின்னப் பையனிடம் எதையோ கண்டார். பையன் 2016இல் ஜப்பானுக்கே போய்த் தங்கிப் பழகினான். 2019இல் உலகச் சாம்பியன், 2024இல் இரண்டு ஒலிம்பிக் தங்கம். ஒரு கண்ணும் ஒரு கூடமும் பொறுமையும் இருந்தால் எட்டு வருஷத்தில் இது நடக்கிறது.

நமக்கு அந்தக் கண் இல்லாமல் போனது விசித்திரம்தான். இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டரில் தஞ்சைப் பெரிய கோயில். விமானத்தின் மேல் தளத்துத் திருச்சுற்றில் சிவன் ஆடும் கரணங்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். நூற்றெட்டில் எண்பத்தொன்று முடிந்திருக்கிறது, மீதி இருபத்தேழு கல்லும் வெறுமனே நிற்கின்றன. கரணம் என்ற சொல்லையே நாட்டியத்துக்கும் பல்டிக்கும் பொதுவாக வைத்திருக்கும் மொழி நம்முடையது. கயிற்றின் மேல் ஆடுவோரின் பறையொலி குறுந்தொகையின் ஏழாம் பாட்டிலேயே கேட்கிறது. திருவிழாக் கூட்டத்தில் மூங்கில் நட்டு, கயிறு கட்டி, ஆறு வயதுப் பிள்ளை கையில் கழியோடு நடப்பதை இந்தத் தலைமுறைவரை பார்த்திருக்கிறோம். தட்டில் பத்து ரூபாய் போட்டோம். அந்தப் பிள்ளையின் உடம்பில் இருந்த சமநிலையை எந்தப் பயிற்சிக்கூடமும் வந்து பார்க்கவில்லை, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதா என்று நாமும் கேட்கவில்லை.

நிறுவனங்களும் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் ஆசியாவிலேயே இந்த வகையில் முதலாவது என்பார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனதும் அவர்தான். டெல்டாப் பள்ளிக்கூடங்களில் விசில் ஊதிய டிரில் மாஸ்டர்கள் பலர் அந்த மரபில் வந்தவர்கள். விழுப்புரத்தில் இன்று பிள்ளைகள் மல்லர் கம்பத்தில் ஏறி நிற்கும் நிலைகளைப் பார்த்தால் எலும்பு இருக்கிறதா என்று சந்தேகம் வரும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு தமிழ்நாட்டிலேயே நடந்தது, 98 பதக்கத்தோடு நம் மாநிலம் நாட்டில் இரண்டாம் இடம். அரசு வேலையில் விளையாட்டு வீரருக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பிள்ளை ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடினால் சோறு போடுமா என்று கேட்கும் தாய் தகப்பனுக்கு அது ஒரு பதில்.

அப்படியிருந்தும் இந்த வட்டாரத்தில் ஒரு பையனுக்குக் கரணத்தை முறையாகப் போடக் கற்றுத்தர ஆள் தேட வேண்டியிருக்கிறது. மூத்த ஆட்டக்காரர்கள் திரும்ப வேண்டும் என்று சொல்லும்போது அணிச் சட்டையை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு சொல்லக் கூடாது. ஆஷிஷ் குமாரின் உடம்புக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பலகையை மிதிக்கும் முன் கடைசி எட்டை எவ்வளவு சுருக்க வேண்டும், காற்றில் எந்தக் கணத்தில் தரையைத் தேட வேண்டும், பயம் வரும் நாளில் என்ன செய்ய வேண்டும். அவையெல்லாம் ஆள் பார்த்து ஆளுக்குச் சொல்ல வேண்டியவை. தீபா கர்மாகர் 2024 அக்டோபரில் ஓய்வை அறிவித்தபோதே, வருங்காலத்தில் இளையோருக்கு வழிகாட்டியாக இருக்க ஆசை என்றார். விதைநெல் தானாகவே வந்து வாசலில் நிற்கிறது. அதை வாங்கி விதைக்கக் கூடங்கள்தான் வேண்டும். அதைக் கொறித்துத் தீர்ப்பதற்குக் கோஷ்டிகள் எப்போதும் தயாராக இருக்கும்.

கழுத்து முறிந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. அது ஆபத்தான விளையாட்டுதான். மதகில் பாறை தெரியாமல் தலைகீழாகக் குதிப்பதைவிட, மெத்தை போட்டு, பக்கத்தில் ஒரு பெரியவர் கை கொடுத்து நிற்க, படிப்படியாகப் பழகுவதில் ஆபத்து குறைவு என்பதை மட்டும் யோசிக்க வேண்டும்.

தஞ்சையில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. இந்த அவையில் தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், பஞ்சாயத்தில் பொறுப்பில் உள்ளவர்கள் இருக்கிறீர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் சம்பாதிக்கும் வீடுகளும் இந்தப் பக்கம் ஏராளம். ஆறு கருவியும் வேண்டாம். தரமான மெத்தைகள், ஒரு வால்ட் மேடை, குதிக்கும் பலகை, ஒரு ஜோடி வளையம். தேசிய அணியில் ஆடி ஓய்ந்த ஒருவரை வருஷத்துக்கு ஒரு மாதம் அழைத்து வந்து தங்கவைக்கச் சாப்பாடும் சம்பளமும். உடற்கல்வி ஆசிரியர்கள் அந்த ஒரு மாதமும் அவர் பக்கத்திலேயே நின்று கற்றுக்கொண்டால் மீதிப் பதினோரு மாதத்தையும் அவர்களே ஓட்டிவிடுவார்கள். ஒரு மனுவாக எழுதி, ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் கொடுங்கள். மே மாதமாகக் கேளுங்கள். மேட்டூர் திறக்க அப்போது இன்னும் நாள் இருக்கும். ஆற்றில் தண்ணீர் இருக்காது, பையன்கள் சும்மாதான் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.